அவர்களுக்காகப் பேசிய நாள்

பெண்கள் இயக்க வரலாற்றுப் பாடத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வகுப்பைச் சட்டசபையாக மாற்றிவிடுவது என் வழக்கம். பெஞ்சுகளை எதிரெதிர் வரிசையாகத் திருப்பிப் போடுவோம். ஒரு மாணவி அவைத் தலைவர். ஒருத்தி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மீதிப் பேர் எல்லோரும் 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இருந்த ஆண்கள்: ஜமீன்தார்கள், வக்கீல்கள், சுயராஜ்யக் கட்சியினர், நீதிக்கட்சியினர், அரசாங்க அதிகாரிகள். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்ற தீர்மானத்தை முத்துலட்சுமி முன்மொழிவார். ஆண்கள் ஆளுக்கொரு வாதம் வைப்பார்கள். மாணவிகளுக்கு இது மிகவும் பிடிக்கும். துப்பட்டாவை அங்கவஸ்திரமாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு பேசுவார்கள்.

அந்த வகுப்பின் உச்சம் ஒரு பதிலடி. தமிழ்நாட்டு மேடைகளில் அதைக் கேட்காதவர்கள் குறைவு. சத்தியமூர்த்தியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை அது. தேவதாசி முறை புனிதமானது, கடவுளுக்குச் செய்யும் தொண்டு என்று அவர் வாதிட்டாராம். அவ்வளவு புனிதமானது என்றால் இனி உங்கள் குலத்துப் பெண்களை அனுப்புங்கள் என்று முத்துலட்சுமி திருப்பிக் கேட்டாராம். அவை வாயடைத்துப் போனதாம். சொல்பவரைப் பொறுத்துக் கதையின் வார்த்தைகள் மாறும், சில சமயம் பதிலடி கொடுத்தவரே மாறுவார். நானும் அதைப் பல ஆண்டுகள் கைத்தட்டலுக்காகப் பயன்படுத்தியிருக்கிறேன். அந்த வரி வந்ததும் வகுப்பு அதிரும்.

சில ஆண்டுகளுக்கு முன் முத்துலட்சுமியாக நடிக்க ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்தேன். நன்றாகப் பேசுகிறவள். முதல் நாள் கையில் தாளை வாங்கிப் படித்துவிட்டு, மறுநாள் என் அறைக்கு வந்தாள்.

“மேம், மத்ததெல்லாம் பேசறேன். இந்த ஒரு வரிய மட்டும் நான் சொல்ல மாட்டேன்.”

“ஏம்மா? அதுதானே பெஸ்ட் லைன்?”

“அத அந்தப் பொம்பளைங்க கேட்டிருந்தா என்ன நெனச்சிருப்பாங்க மேம்? அவங்களும் அங்க இருந்தாங்களா?”

இல்லை, அவர்கள் அங்கே இருக்கவில்லை என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அது ஒப்புதல் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. ஏன் அவளுக்கு அந்த வரி உறுத்தியது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த நாளை நான் வேறு மாதிரி படிக்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அப்படிப் படித்ததில் எனக்குத் தெளிவானதைப் பற்றியது. இன்னொருத்திக்காகப் பேச நமக்கு எப்போது உரிமை உண்டு, அப்படிப் பேசும்போது நாம் அவளுக்கு எதைக் கடன்பட்டிருக்கிறோம் என்பதே என் கேள்வி.

முதலில் அந்த அவையைப் பார்க்கலாம். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு சென்னைச் சட்டசபையில் நூற்று முப்பது பேருக்கு மேல் உறுப்பினர்கள். அவர்களில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மற்றவர்கள் நியமிக்கப்பட்டவர்கள். பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது சென்னைதான். ஆனால் சொத்துத் தகுதி இருந்தால்தான் வாக்கு. பெண்கள் உறுப்பினராகலாம் என்ற கதவு 1926இல்தான் திறந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். பெண்கள் யாரும் தேர்தல் வழியாக உள்ளே போகவில்லை. இந்திய மாதர் சங்கம் கேட்டுக்கொண்டதன் பேரில், மருத்துவராக நல்ல பெயர் எடுத்திருந்த முத்துலட்சுமியை அரசு நியமித்தது. அவை அவரையே துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது. ஆக, 1927 நவம்பர் தொடக்கத்தில் அந்தத் தீர்மானத்தை முன்மொழிய எழுந்தபோது, முழு அவையிலும் அவர் ஒருவர்தான் பெண்.

அவர் எங்கிருந்து வந்தவர் என்பதும் முக்கியம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபுள்ள குடும்பத்தில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் வாங்கி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அன்று அவர் பேசிய விஷயம் யாரோ முன்பின் தெரியாதவர்களின் துயரம் அல்ல. தன் தாய் வழியில் சில அடிகள் பின்னால் போனால் அவரே சந்தித்திருக்கக் கூடிய வாழ்க்கை அது.

தீர்மானத்தின் சாரம் இது. சிறுமிகளையும் இளம் பெண்களையும் இந்துக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் பொதுவாக அவர்களை ஒழுக்கக்கேடான வாழ்க்கைக்கு உள்ளாக்குவதில் முடிகிறது. எனவே அதை நிறுத்த மாகாண அரசு சட்டம் கொண்டுவர வேண்டும், அது முடியாவிட்டால் மத்திய அரசை விரைவில் கொண்டுவரச் சொல்ல வேண்டும். அவை அதை ஏற்றுக்கொண்டது.

அவர் செய்தது சரி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் இப்போது ஒரு புதிய நாகரிகம் வந்திருக்கிறது. தேவதாசிகள் சுதந்திரப் பெண்கள், சீர்திருத்தக்காரர்கள்தான் அவர்களைக் கெடுத்தார்கள் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். பொட்டு, பல சமயம் பூப்பெய்துவதற்கு முன்பே கட்டப்பட்டது. ஏழு வயதிலோ பத்து வயதிலோ ஒரு குழந்தைக்கு, பின்னாளில் தன் உடலை யார் தொடுவார்கள் என்பது அன்றைக்கே பேசி முடிக்கப்பட்டது. அந்தக் குழந்தை தன் விருப்பத்தைச் சொல்ல முடியாது. சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அவளுக்காக வேறொருவர் பேசித்தான் ஆக வேண்டும். பேசாமல் இருப்பதால் அவளுடைய முடிவு அவளிடமே இருந்துவிடாது. அது தாயிடம், பாட்டியிடம், கோயில் நிர்வாகத்திடம், ஊர்ப் பெரிய மனிதரிடம் போய்ச் சேரும்.

அவையில் எதிர்வாதம் வைத்த ஆண்களும் இந்தப் பெண்களுக்காகத்தான் பேசினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மரபு, சாஸ்திரம், கலை என்று சொன்னவர்கள் எவரையும் எந்தத் தேவதாசியும் அங்கே அனுப்பவில்லை. யாரும் அவர்களுக்காகப் பேசாத ஒரு அவை என்பது அன்று இல்லவே இல்லை. யார், என்ன காரணம் சொல்லிப் பேசினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது அவைக்கு வெளியே போகலாம். தீர்மானம் பற்றிய செய்தி பரவியதும் தேவதாசிகள் சும்மா இருக்கவில்லை. சென்னையில் சங்கம் கூட்டினார்கள். துரைக்கண்ணு அம்மாள் போன்றவர்கள் முன்னின்று அரசுக்கு மனு அனுப்பினார்கள். அப்போது சட்ட உறுப்பினராக இருந்த சி.பி. ராமசாமி ஐயருக்குப் போன மனு அது. பெங்களூர் நாகரத்தினம்மாளும் எதிர்ப்புத் தெரிவித்தார். இவர் சாதாரணமானவர் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் தெலுங்குக் கவி முத்துப்பழனி எழுதிய ‘ராதிகா சாந்த்வனம்’ நூலை 1910இல் முழுமையாகப் பதிப்பித்து, அதற்காக அரசின் தடையையும் சந்தித்தவர். ஒரு பெண் எழுதியதால்தான் அது ஆபாசம் ஆகிவிட்டதா என்று அன்றே கேட்ட அறிஞர். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவரும் அவர்தான்.

அந்த மனுக்கள் சொன்னவற்றைச் சுருக்கினால் இப்படி வரும். எங்கள் எல்லோரையும் விலைமாதர் என்று ஒரே சொல்லில் அடக்காதீர்கள். எங்கள் பணி சமயப் பணி, கலைப் பணி. எங்கள் குடும்பங்களில் பெண்களுக்குச் சொத்துரிமை உண்டு. தவறான வழியில் போகிறவர்கள் இருந்தால் அவர்களைத் திருத்துங்கள். எங்களுக்குக் கல்வி கொடுங்கள்.

இதில் ஏற்க முடியாதது உண்டு. பொட்டுக்கட்டப்படும் குழந்தையின் கேள்விக்கு இதில் பதில் இல்லை. சமயப் பணி என்ற வாதம், அந்தப் பணிக்குக் குறிப்பிட்ட குலத்துப் பெண்கள்தான் பிறக்க வேண்டும் என்ற சாதி நியதியைத் தொடவே இல்லை. ஆனால் சொத்து பற்றிய வாதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஊரில் மரியாதையோடு வாழ்ந்த மனைவிமார்களுக்குக் கணவன் வீட்டில் வாழும் உரிமைக்கு மேல் பெரிதாக எதுவும் இல்லாத காலம் அது. இந்து விதவைக்குக் கணவனின் சொத்தில் ஓரளவு பங்கு கொடுத்த சட்டமே 1937இல்தான் வந்தது. தமிழ்நாட்டில் மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சமபங்கு 1989இல்தான் கிடைத்தது. தேவதாசிக் குடும்பங்களிலோ மகள் வாரிசு. பெண் குழந்தையைத் தத்தெடுக்கலாம். நிலமும் வீடும் பெண் பெயரில் இருந்தன. சொத்துத் தகுதி இருந்தால்தான் வாக்கு என்ற அந்தச் சட்டப்படி பார்த்தால், அவர்களில் வசதியானவர்கள் வாக்காளராகும் தகுதி உள்ளவர்கள். அடுத்த தெருவில் இருந்த வக்கீலின் மனைவிக்கு இல்லாத தகுதி அது.

இந்த மனுக்களை முத்துலட்சுமி எப்படி எடுத்துக்கொண்டார்? இவர்களுக்குப் பின்னால் இருந்து இவர்களை வைத்திருப்பவர்கள்தான் இயக்குகிறார்கள், இப்படிப்பட்ட சங்கத்தை அரசு பொருட்படுத்தக் கூடாது என்ற நிலையை அவர் எடுத்தார். இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பெண்கள் ஒன்றுசேர்ந்து எதையாவது கேட்டால், “யாரோ தூண்டிவிட்டுப் பேசுகிறார்கள்” என்று சொல்வது ஆண்களின் பழைய பதில். வாக்குரிமை கேட்ட பெண்களுக்கும் அந்தப் பதில் கிடைத்தது. இன்று கூலி உயர்வு கேட்டு ஆட்சியர் அலுவலகத்தின் முன் உட்காரும் துப்புரவுப் பணியாளருக்கும் அதே பதில்தான். அந்தப் பதிலை வாழ்நாள் முழுவதும் சந்தித்த ஒரு பெண், தன் கையில் அதிகாரம் வந்தபோது அதையே இன்னொரு பெண்ணுக்குச் சொன்னார்.

இந்தச் சறுக்கல் எங்கே தொடங்குகிறது? தீர்மானத்தின் காரண வாக்கியத்தில் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு குழந்தைக்குப் பொட்டுக்கட்டக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். ஒன்று, அவள் குழந்தை, சம்மதம் சொல்லும் வயதில் இல்லை, அவள் வாழ்க்கையை வேறொருவர் நிரந்தரமாக முடிவு செய்யக் கூடாது. மற்றொன்று, அவள் போகப்போகும் வாழ்க்கை ஒழுக்கக்கேடானது. இரண்டு காரணமும் ஒரே தடைச் சட்டத்தில்தான் கொண்டுபோய் விடும். ஆனால் அந்தக் குழந்தையின் தாயிடம் அவை பேசுவது வெவ்வேறு மாதிரி. முதல் காரணத்தைச் சொல்லும்போது, “உனக்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்காமல் கட்டினார்கள், உன் மகளுக்காவது கேட்போம்” என்று அவளிடம் சொல்கிறோம். அவளும் ஒரு மனுஷியாக அந்தப் பேச்சில் கலந்துகொள்ள இடம் இருக்கிறது. இரண்டாவது காரணத்தில் அவள் குற்றவாளி. அவள் வாழ்ந்த வாழ்க்கையே குழந்தைக்கு வரக் கூடாத கேட்டின் உதாரணம். குற்றவாளிக் கூண்டில் நிற்பவளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

சம்மதம் என்ற காரணத்தை முத்துலட்சுமி அறியாதவர் அல்ல. பெண்ணின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று அதே அவையில் வாதாடியவர் அவர். கேட்காமல் கட்டிய தாலியும் கேட்காமல் கட்டிய பொட்டும் ஒரே கேள்விக்குள் வரும். அந்தக் கேள்வியை அப்படியே வைத்திருந்தால், அவையில் இருந்த ஒவ்வோர் ஆணும் தன் வீட்டுக்குள் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். 1927இல் பெண்ணுக்குப் பதினான்கு வயது என்று சொல்லும் சாரதா சட்டம்கூட வரவில்லை. ஒழுக்கம் என்ற காரணம் அவர்களுக்கு வசதியானது. அது எங்கோ கோயில் தெருவில் இருக்கும் ஒரு குலத்தின் பிரச்சினை ஆகிவிடுகிறது. இன்னொரு வசதியும் அதில் உண்டு. அந்தத் தீர்மான வாக்கியத்தில் ஆண் யாரும் இல்லை. சிறுமி இருக்கிறாள், கோயில் இருக்கிறது, ஒழுக்கக்கேடான வாழ்க்கை இருக்கிறது. அந்த வாழ்க்கையின் மறுபாதியாக இருந்த மிராசுதார் இல்லை.

அவை நிறைவேற்றக் கூடிய வாக்கியத்தைத்தான் ஒரு நியமன உறுப்பினர், அதுவும் தனி ஒருத்தி, எழுத முடியும் என்று சொல்லலாம். உண்மைதான். ஆண்களின் வாக்கு வேண்டுமென்றால் ஆண்களுக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும். அரசியலில் இருக்கும் பெண்கள் எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் விலை கொடுத்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். விலையைக் கொடுத்தவர்கள் அவையில் இல்லாதவர்கள்.

மறுபடி அந்தப் பதிலடிக்கு வருகிறேன். “உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்” என்ற கேள்வி ஏன் அவ்வளவு வேலை செய்கிறது? புனிதம் என்று சொல்பவரின் பாசாங்கை உடைக்கிறது, சரி. ஆனால் அது உடைவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. தாசியாக இருப்பது பேரவமானம் என்று கேட்பவர், சொல்பவர், கை தட்டுபவர் எல்லோரும் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒப்பந்தம் இல்லையென்றால் கேள்விக்கு வலு இல்லை. ஓர் ஆணை அவமானப்படுத்த அந்தப் பெண்களின் பெயரையே கல்லாக எடுத்து எறிகிறோம். கல் அவர்மேல் பட்டது என்று கை தட்டுகிறோம். கல்லாக இருப்பவளுக்கு எப்படி இருக்கும் என்று என் மாணவி கேட்டாள். இத்தனை ஆண்டுகளாக நான் கேட்டதில்லை.

அப்படியானால் அவர்களையே பேசவிட்டிருந்தால் போதுமா? அதுவும் அவ்வளவு எளிதல்ல. “அவர்கள்” என்பது ஒரு குரல் அல்ல. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்தக் குலத்திலிருந்து வந்தவர்தான். அந்த வாழ்க்கைக்கென்றே வளர்க்கப்பட்டு, அதை உதறி, மணம் செய்துகொண்டு, ஊர் ஊராகப் போய்ப் பொட்டுக்கட்டுவதை எதிர்த்துப் பேசியவர். 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதினார். நாகரத்தினம்மாள் உண்மையான குரல், ராமாமிர்தம் யாரோ தூண்டிவிட்ட குரல் என்றோ, அதைத் திருப்பியோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. இருவரும் தங்கள் வாழ்க்கையிலிருந்துதான் பேசினார்கள். ஓர் அவை இருவரையும் கேட்டு, பிறகு குழந்தையின் பக்கம் நின்று முடிவெடுத்திருக்கலாம். கேட்பது வேறு, கேட்டபடி நடப்பது வேறு. கேட்டால் முடிவு மாறிவிடும் என்று பயந்து கேட்காமல் இருப்பது, நம் காரணத்தின்மேல் நமக்கே நம்பிக்கை இல்லை என்பதைத்தான் காட்டுகிறது.

அடுத்து வந்த சட்டம் ஒரு விஷயத்தில் தீர்மானத்தைவிட நுட்பமாக இருந்தது. 1929இல் இந்து அறநிலையச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், கோயில் ஊழியத்துக்காக இனாம் நிலம் வைத்திருந்த பெண்களை ஊழியத்திலிருந்து விடுவித்தது. நிலம் அவர்களிடமே இருக்கலாம் என்றது. ‘வெளியே வா’ என்று சொன்னதோடு, வெளியே வந்தால் சாப்பிட என்ன வழி என்பதையும் அந்தச் சட்டம் யோசித்தது. ஆனால் பெண் வழியில் போய்க்கொண்டிருந்த சொத்து மரபு அதோடு தளர்ந்தது. அந்தச் சமூகத்து ஆண்கள் சீர்திருத்தத்தை ஆதரித்ததில் இந்தச் சொத்துக் கணக்கும் இருந்தது என்று அம்ரித் சீனிவாசன் போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதா 1930இல் வந்தது. காந்தி கைதானதைக் கண்டித்து அந்த ஆண்டே முத்துலட்சுமி பதவி விலகினார். தடைச் சட்டம் முழுமையாக நிறைவேற 1947 வரை ஆனது. இடைப்பட்ட காலத்தில் சதிர் பரதநாட்டியம் என்ற பெயரோடு மற்ற வீட்டுப் பெண்களின் கலை ஆயிற்று. ஆட்டம் மேடையில் தங்கியது. அதை ஆடியவர்களில் பெரும்பாலோர் மேடையை விட்டு இறங்கினார்கள்.

முத்துலட்சுமியின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அவையில் நடந்ததல்ல. 1930இல், அந்த வாழ்க்கை வேண்டாம் என்று வந்த சில சிறுமிகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அவர் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லமாக வளர்ந்தது. ஒருத்திக்காகப் பேசியவர், பிறகு அவள் கதவைத் தட்டும்போது திறக்க வேண்டியவராகவும் ஆகிறார். பேச்சினால் ஏற்பட்ட கடனை அவர் அந்த வகையில் கட்டினார். தீர்மானத்துக்குக் கை தூக்கிய நூறு ஆண்களில் எத்தனை பேர் வீட்டுக் கதவு அப்படித் திறந்திருக்கும்?

இது பழங்கதை அல்ல. 2005இல் மகாராஷ்டிரச் சட்டமன்றம் மதுக்கூடங்களில் பெண்கள் நடனமாடுவதைத் தடைசெய்தது. கட்சி வேறுபாடு இல்லாமல், எதிர்ப்பின்றி நிறைவேறிய சட்டம் அது. காரணமாகச் சொல்லப்பட்டது பெண்களின் கண்ணியமும் சமூக ஒழுக்கமும்தான். மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்கு விலக்கு இருந்தது. பணக்காரர் முன்னால் ஆடினால் கண்ணியம் குறையாது போலிருக்கிறது. ஆடிய பெண்களின் சங்கமே தெருவிலும் நீதிமன்றத்திலும் எதிர்த்தது. மும்பை உயர் நீதிமன்றம் 2006இல் அந்தத் தடையைச் செல்லாது என்றது, உச்ச நீதிமன்றம் 2013இல் அதை உறுதிசெய்தது. வேலை இழந்த பெண்களில் பலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதையும் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. இங்கே குழந்தை இல்லை. எல்லோரும் வளர்ந்த பெண்கள், தங்களுக்காகத் தாங்களே பேசிக்கொண்டிருந்தவர்கள். 1927இல் குழந்தையின் பெயரால் கிடைத்த நியாயம்கூட இந்த அவைக்கு இல்லை. ஒழுக்கம் என்ற காரணம் மட்டும் அப்படியே எஞ்சியிருந்தது.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 இடங்கள். 2021 தேர்தலில் வென்ற பெண்கள் 12 பேர். மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டுக்கான அரசியல் சட்டத் திருத்தம் 2023இல் நிறைவேறியது. அதன்படி பெண்கள் வந்து நிறையும் நாளை நானும் எதிர்பார்க்கிறேன். ஆனால் எத்தனை பேர் வந்தாலும் ஏதோ ஒரு பெண் எப்போதும் அவைக்கு வெளியேதான் இருப்பாள். வீட்டு வேலை செய்பவள், திருநங்கை, பாலியல் தொழிலாளி, முகாமில் இருக்கும் அகதிப் பெண். உள்ளே இருக்கும் பெண்கள் அவளுக்காகப் பேசித்தான் ஆக வேண்டும். பேசாமல் இருப்பது பணிவு ஆகாது.

அப்படிப் பேசும்போது நான் வைத்துக்கொள்ளும் சோதனை ஒன்றுதான். நான் யாருக்காகப் பேசுகிறேனோ அவள் இந்த அறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், இதே காரணத்தை இதே வார்த்தைகளில் சொல்வேனா? அவளுக்கு என் முடிவு பிடிக்காமல் போகலாம். எழுந்து சண்டை போடலாம். ஆனால் நான் சொல்லும் காரணம் அவளைத் தலைகுனிய வைத்தால், அந்த முடிவு சரியாகவே இருந்தாலும், நான் அவளுக்காகப் பேசவில்லை. அவளைக் காட்டி வேறு யாரிடமோ பேசுகிறேன்.

இப்போதும் ஆண்டுதோறும் வகுப்பைச் சட்டசபையாக்குகிறேன். பதிலடியை எடுத்துவிட்டேன். துரைக்கண்ணு அம்மாளுக்கும் நாகரத்தினம்மாளுக்கும் ராமாமிர்தத்துக்கும் இடம் போட்டு, அவர்கள் பேசிய பிறகுதான் வாக்கெடுப்பு நடத்துகிறோம். தீர்மானம் இதுவரை ஒருமுறைகூடத் தோற்கவில்லை. ஆனால் காரண வாக்கியத்தை மாணவிகள் ஒவ்வொரு முறையும் திருத்தி எழுதுகிறார்கள். அந்த வாக்கியத்துக்காகத்தான் இப்போது அதிக நேரம் சண்டை நடக்கிறது.

அந்த மாணவி அந்த ஆண்டு முத்துலட்சுமியாக நடித்தாள். சொன்னபடியே அந்த வரி வரும் இடத்தில் நிறுத்திவிட்டாள். பல ஆண்டுகளாக அந்த இடத்தில் அதிர்ந்த வகுப்பு அன்று அமைதியாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவைத் தலைவராக இருந்த மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் வீட்டில் என்ன கதை பேசப்படாமல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகளாக எனக்குக் கை தட்டியவர்களில் ஒருத்தியாவது அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாளே என்று அன்றுதான் தோன்றியது.